காய்ச்சல் அத்தியாயம்

1938 ஜூலை 12, செவ்வாய். நேற்று வந்த அம்மாள் கொடுத்துவிட்டுப் போன புத்தகத்துக்கு, அண்ணாச்சியைக் கேட்காமல் பழுப்புக் காகிதத்தில் உறை போட்டுவிட்டேன். அழுக்காகிவிடக் கூடாது என்றுதான் போட்டேன். இருந்தாலும் தவறு. இன்று சாயங்காலம் அண்ணாச்சி அந்த உறையைக் கிழித்துவிட்டு, புத்தகத்தைத் திறக்காமல் அதன் முதுகையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று திரவியம் யோசித்தான். டைரியில் நடந்ததை மட்டும்தான் எழுத வேண்டும், மனசில் பட்டதை எழுதக்கூடாது என்பது அவன் வைத்துக்கொண்ட விதி. அன்று மாலை டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போயும் விரல் ஓடவில்லை. அந்த முதுகில் அப்படி என்ன இருந்தது? தலைப்பு இருந்தது. மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு, இரு ஓரங்களிலும் இரண்டு. நான்கும் சேர்ந்து ஒரு கட்டம். அவ்வளவுதானே!

திரவியம் குமாஸ்தாவாக இருந்தது சிவதாணுப் பிள்ளையிடம். அவரைத்தான் அவன் அண்ணாச்சி என்பான். தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மாடியில் பிள்ளையின் ஆபீஸ். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக விசாரணை செய்வது அவர் தொழில். களவு, காணாமற்போனது என்று தனி ஆட்களும் வருவதுண்டு.

அப்படித்தான் திங்கட்கிழமை காலை, மழை விட்ட நேரம் பார்த்து இருவர் மாடி ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவர் குடையை மடக்கி, சொட்டும் தண்ணீர் தரையில் படாமல் ஜன்னலுக்கு வெளியே நீட்டி உதறினார். அந்த ஒழுங்கு திரவியத்துக்குப் பிடித்திருந்தது. பின்னால் வந்த அம்மாள் புடவைத் தலைப்பில் ஒரு புத்தகத்தை மூடி வைத்திருந்தாள்.

"உக்காருங்க சாமி," என்றார் சிவதாணு.

"நான் சாம்பசிவன். ஸ்ரீவராகத்துல ஜாகை. தேயிலைத் தோட்டக் கம்பெனியோட டவுன் ஆபீஸ்ல ஹெட்கிளார்க். இவ என் ஆம்படையா, சீதாலக்ஷ்மி. புஸ்தகம் எழுதியிருக்கா. போனது போகட்டும், விடுன்னேன். கேட்டாத்தானே?"

"என்ன போச்சு?"

"நாப்பத்தெட்டுப் பக்கம்," என்றாள் சீதாலக்ஷ்மி.

கணவர் முன்பு மலையில் அதே கம்பெனியின் தோட்டத்தில் குமாஸ்தாவாக இருந்தாராம். நாலு வருஷம் இவளும் அங்கே இருந்தாள். லயங்கள் என்னும் வரிசைக் குடிசைகளில் குடியிருந்த கூலிப் பெண்களுக்கு ஊருக்குக் கடுதாசி எழுதிக் கொடுப்பாள். அந்த நாட்களைத்தான் புத்தகமாக எழுதி, சாலைக் கடைவீதியில் உள்ள ஒரு பிரஸ்ஸில் அச்சிடக் கொடுத்திருந்தாள்.

"அதுல 'காய்ச்சல்'னு ஒரு அத்தியாயம். ஒரு வருஷம் லயத்துல மலைக்காய்ச்சல் வந்தது. கொய்னா மருந்து ஆபீஸ் அலமாரில இருந்தது. வேலைக்கு வந்தவாளுக்கு மட்டும் குடுத்தா. எழுந்து வர முடியாதவாளுக்கு இல்லை. செத்துப்போனவா பேரெல்லாம் எழுதியிருந்தேன். ஒரு பேர் தப்பிடக் கூடாதேன்னு பிரூபை ரொம்ப நாள் என் கையிலேயே வெச்சிண்டிருந்தேன். அதனால அந்த மூணு பாரத்தைக் கடைசியா அச்சடிச்சா."

பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம் என்று திரவியம் குறித்துக்கொண்டான்.

"புஸ்தகம் தைச்சு ஆத்துக்கு வந்தது. புரட்டிப் பார்த்தா தொண்ணூத்தாறுக்கு அப்புறம் நூத்து நாப்பத்தஞ்சு! அத்தனை பிரதியும் அப்படித்தான். கேட்டா, பைண்டர் பகவதிப்பெருமாள் அந்தக் காகிதத்தைக் கடலை மடிக்க வித்துட்டு, மிச்சத்தைச் சொல்லாமக் கொள்ளாமத் தைச்சுட்டான்னு அவனை வெளியில தள்ளிட்டா. அந்த மனுஷன் எங்காத்துக்கு வந்து, 'அம்மா, நான் எடுக்கல'ன்னு அழுதான். திருடினவன் வீடு தேடி வந்து நிப்பானா?"

"கையெழுத்துப் பிரதி இருக்குமே?"

"பிரஸ்ல தொலைச்சுட்டா," என்றார் சாம்பசிவன். "பிரூபையும் சேர்த்து. அவா காரியமே அப்படித்தான்."

சிவதாணு புத்தகத்தை வாங்கித் திருப்பினார். "அட்டை அருமையாட்டு இருக்கே."

சாம்பசிவன் முகம் முதல்முறையாக மலர்ந்தது. "அது என் வேலையாக்கும். இங்கே ரெண்டு வர்ணத்துல அடிக்க ஆள் இல்லை. பாரமெல்லாம் அச்சாகி முடியட்டும்னு காத்திண்டிருந்து, ஒவ்வொண்ணா மடிச்சு அடுக்கி, நானே நூல் பிடிச்சு கனம் பார்த்தேன். அளந்த நூலை எடுத்துண்டு, அட்டை அடிக்க நாகர்கோவிலுக்கு நானே போனேன். வேறொருத்தர் கை படலை. பாருங்கோ, முதுகுல கட்டம் ஒரு நூல் விலகியிருக்கா?"

"இல்லை," என்றார் சிவதாணு. "ஒரு நூல் விலகலை."

செவ்வாய்க்கிழமை பிரஸ்ஸுக்குப் போனார்கள். உரிமையாளர் ஞானசிகாமணி கனத்த மனிதர். கேட்ட கேள்விக்கெல்லாம் இரண்டு பதில் சொன்னார்.

"மூணு பாரமும் அடிச்சு, காய வச்சு, அந்தப் பலகையில அடுக்குனோம் பாத்துக்கிடுங்க. சாமி வந்து நூல் பிடிச்சிட்டுப் போனாரு. அதுக்குப் பொறவுதான் காணாமப் போச்சு. பைண்டிங் ரூம் சாவி அந்தப் பய கையிலதான். வேற யாரைச் சொல்ல?"

"அதுக்கு அச்சுக் கோர்த்த எழுத்து?" என்றார் சிவதாணு.

"அப்பமே கலைச்சாச்சு. வச்சிக்கிட்டிருக்க இது என்ன மெட்ராஸா? இருக்கிற எழுத்தை வச்சுத்தான் அடுத்த வேலை ஓடணும்."

சிவதாணு அந்தப் புத்தகத்துக்கு வாங்கிய காகிதத்தில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். மூலையில் ஒரு கட்டு இருந்தது. தடித்த, சொரசொரப்பான காகிதம். அவர் அதை விரல்களுக்கிடையில் தேய்த்துக் கனம் பார்த்தார்.

திரவியத்தைக் கடைவீதிக்கு அனுப்பினார். அவன் கடலைக் கடை, பொரிகடலைக் கடை, வெற்றிலைக் கடை ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினான். பொட்டலங்களாகக் கிடைத்தவை கோர்ட் நோட்டீஸும் பழைய பாடப் புத்தகமும் மலையாளப் பத்திரிகையும். அந்தப் புத்தகத்தின் ஒரு தாள் கூடக் கிடைக்கவில்லை. ஒரு கடைக்காரர், "எந்தா தம்பி, காகிதம் தின்ன வந்தியா?" என்று கேலி செய்ததுதான் மிச்சம்.

"எனக்குத் தேடத் தெரியலை அண்ணாச்சி," என்றான் திரும்பி வந்து.

"கெடைக்கலைன்னு சொல்லுடே. தேடத் தெரியலைன்னு ஏன் சொல்லுதே? நீ என்னத்தை நெனைக்கே, அதைச் சொல்லு."

"சாவி பைண்டர்கிட்ட இருந்திருக்கு. அவர் நெடுமங்காட்டுப் பக்கம் கொண்டுபோய் வித்திருக்கலாம். எனக்கு அப்படித்தான் படுது. தப்பா இருந்தாலும் இருக்கும்."

"ஐந்நூறு பிரதிக்கு மூணு பாரம். தலையில சுமக்க முடியாத காகிதம். அதை மலையடிவாரம் வரைக்கும் யாரும் பாக்காமக் கொண்டு போனானாக்கும்? சரி, அந்தப் புஸ்தகத்தை எடு."

அப்போதுதான் பழுப்பு உறை கிழிந்தது.

புதன்கிழமை மத்தியானம் எல்லோரும் பிரஸ்ஸின் பைண்டிங் அறையில் கூடினார்கள். சாம்பசிவன் ஆபீஸிலிருந்து கோட்டோடு வந்திருந்தார். சீதாலக்ஷ்மி கதவோரம் நின்றாள். பகவதிப்பெருமாள் வாசலைத் தாண்டத் தயங்கினார். சிவதாணுதான் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார்.

"பெருமாளு, அந்தக் காகிதக் கட்டிலேர்ந்து வெள்ளைத் தாள் எடுத்து மூணு பாரம் மடிங்க. இந்தப் புஸ்தகத்தைப் பிரிச்சு, தொண்ணூத்தாறாம் பக்கத்துக்கு அடுத்து அதை வச்சு, இதே அட்டையை மேல போடுங்க. ஒட்ட வேண்டாம்."

பைண்டர் மறுபேச்சில்லாமல் செய்தார். அட்டையைப் போட்டு அழுத்திப் பிடித்தார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். முதுகு தடித்துவிட்டது, கட்டம் அதை நிறைக்கவில்லை. வலப்பக்கத்துச் சிவப்புக் கோடு முதுகின் ஓரத்தைவிட்டு நடுவுக்கு ஒதுங்கியிருந்தது. தலைப்பு ஓரம்கட்டி நின்றது. முன்னட்டை தாளின் விளிம்பை எட்டவே இல்லை.

"இந்த அட்டை முழுப் புஸ்தகத்துக்குச் செஞ்சதில்லை," என்றார் சிவதாணு. "களவு போன பொறவு இருந்த புஸ்தகத்துக்குச் செஞ்சது. ஆனா நூல் பிடிச்சது களவுக்கு முன்னால. ஞானசிகாமணி அண்ணாச்சியும் சொன்னாரு, சாமியும் சொன்னாரு. மூணு பாரம் பலகையில இருந்தப்போ நூல் பிடிச்சிருந்தா நூல் நீளமாட்டுல்லா இருக்கணும்?"

சாம்பசிவன் அட்டையின் ஓரத்தை இழுத்துப் பார்த்தார். "அளவு தப்பாப் போயிருக்கும். மனுஷனுக்குத் தப்பு வராதா?"

"வரும் சாமி. தப்பு வந்திருந்தா அட்டை எந்தப் புஸ்தகத்துக்கும் சேர்ந்திருக்காது. நீங்க அளந்ததுல தப்பே இல்லை. இந்தப் புஸ்தகத்தைத்தான் அளந்திருக்கீங்க. அந்த மூணு பாரம் அச்சாகவே இல்லை. அச்சாகாத காகிதத்தை எவன் களவாடுவான்? அதாலதான் என் பையன் கடைவீதி பூரா அலைஞ்சும் ஒரு தாள் கெடைக்கலை."

திரவியம் கீழே பார்த்துக்கொண்டான். புத்தகம் குறைந்தாலும் அட்டை கோணக்கூடாது என்று நினைத்த மனிதர்! பொய்யைக்கூட நூல் பிடித்து அளந்திருக்கிறார். திங்கட்கிழமை அவர் குடை உதறியதை மெச்சியது ஞாபகம் வந்து அவனுக்குக் கூசியது.

ஞானசிகாமணிதான் முதலில் உடைந்தார். "என்னை என்ன செய்யச் சொல்லுதீங்க? கம்பெனியோட அச்சு வேலை பூரா இங்கதான் வருது. சாமி பிரூபைக் கொண்டுவந்து, இதை அடிக்காதேன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினாரு. கோர்த்த எழுத்தைக் கலைச்சேன். அம்மாகிட்ட ஒரு காரணம் சொல்லணுமே. அதான், இவன் பேரு..."

பகவதிப்பெருமாள் அவரையே பார்த்தார். "பாரத்து வரிசையில மூணு விட்டுப்போச்சே மொதலாளின்னு நான் கேட்டேன். அப்படியே தைச்சிருலேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஞானசிகாமணி பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சீதாலக்ஷ்மி கதவைவிட்டு நகர்ந்து வந்தாள். குரல் உயரவில்லை. "நான் உங்க பேரைப் போடலையே."

"அலமாரிச் சாவி வெச்சிருந்த குமாஸ்தான்னு போட்டிருந்தியே! அந்தத் தோட்டத்துல குமாஸ்தா எத்தனை பேர்?"

"ஒருத்தர்தான்."

"துரை சொன்னதைத்தானே செஞ்சேன்? குடுத்திருந்தா என் வேலை போயிருக்கும். நீ சாப்பிட்ட சாதம் எங்கேர்ந்து வந்துதுன்னு நினைச்சே?"

"துரை சொன்னான்னும் எழுதியிருந்தேன். அந்தச் சாதத்தை நானும் சாப்பிட்டேன்னும் எழுதியிருந்தேன். கடைசிப் பக்கம் வரைக்கும் நீங்க படிக்கலை." அவள் அவர் பக்கம் ஓரடி வைத்தாள். "என் கையெழுத்துப் பிரதி எங்கே?"

அவர் குடையின் கைப்பிடியைத் திருகினார். "வெந்நீர் அடுப்புல."

"என்னிக்கு?"

"ஒரு வெள்ளிக்கிழமை."

"அந்த வெந்நீர்லதான் நான் தலைக்கு ஊத்திண்டேனாக்கும்," என்றாள்.

பிறகு ஞானசிகாமணி பைண்டரிடம், "நடந்தது நடந்துபோச்சு. நாளைலேர்ந்து வேலைக்கு வா," என்றார்.

"கடைவீதி பூரா என்னைத் திருடன்னு சொல்லியாச்சு. இல்லைன்னு சொல்ல எத்தனை கடை ஏறுவீங்க மொதலாளி?" பகவதிப்பெருமாள் பிரித்த புத்தகத்தைப் பழையபடி சேர்த்து வைத்துவிட்டு வெளியே போனார்.

சீதாலக்ஷ்மி சிவதாணுவிடம் திரும்பினாள். "இதுக்குக் கோர்ட்டுல ஏதாவது உண்டா?"

"பெருமாளுக்காக இந்தப் பிரஸ்காரரைக் கொஞ்சம் பயமுறுத்தலாம். ஆம்படையான் எரிச்ச காகிதத்துக்கு..." அவர் உதட்டைப் பிதுக்கினார். "நீங்க திரும்ப எழுதலாமே அம்மா."

"எழுதலாம். காய்ச்சலை எழுதலாம், அலமாரியை எழுதலாம். பேர்?" அவள் விரலை மடக்கினாள். "இசக்கியம்மை. அவ பிள்ளை சுடலை. மேல் லயத்துல கருப்பாயி. அப்புறம் மாடன் பொண்டாட்டி, கைக்குழந்தையோட போனாளே, அவ... அவ..." விரல் பாதியில் நின்றது. "காகிதத்துல இருக்கேன்னு மனசுல வெச்சுக்காம விட்டுட்டேனே. நானே அவாளை மறந்துட்டேன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாம்பசிவன் குடையை விரித்து அவளுக்குச் சேர்த்துப் பிடித்தார். அவள் குடைக்கு வெளியே நடந்தாள். ஆனால் நடந்தது ஸ்ரீவராகத்துக்குத்தான். அந்த வீட்டைவிட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

ஆபீஸுக்குத் திரும்பியபோது சிவதாணு மாடிப்படியில் நின்றார். "ஜெயிச்சாச்சுன்னு டைரியில எழுதிராதே, கேட்டியா."

"இல்லை அண்ணாச்சி. என்ன எழுதணும்னுதான் தெரியலை."

"நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுது."

1938 ஜூலை 13, புதன். பைண்டர் திருடவில்லை. நான் அவரைச் சந்தேகப்பட்டது தவறு. அத்தியாயம் கிடைக்கவில்லை, இனிக் கிடைக்காது. பிரஸ்காரர் அதை அச்சிட மாட்டார். வேறு யார் அச்சிடுவார்கள் என்று அண்ணாச்சிக்கும் தெரியவில்லை. லயத்தில் அந்த வருஷத்து ஆட்கள் பாதிப்பேர் ஊர் திரும்பிவிட்டார்களாம். வெளி ஆளைத் தோட்டத்துக்குள் விடுவதும் இல்லையாம்.

நாளை: முதல் பஸ்ஸில் நெடுமங்காடு போக வேண்டும். அங்கிருந்து தோட்டம் இருக்கும் மலைக்கு நடக்க வேண்டும். கொழுந்து எடுக்கும் பெண்கள் தண்ணீருக்கு இறங்கும் ஓடையருகே நின்று, காய்ச்சலில் செத்தவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதி வர வேண்டும். முதலில் கேட்க வேண்டியது, மாடன் மனைவியின் பெயர்.