பூக்கக் கூடாத செடி

போன் அடித்தபோது யோகேஸ்வரி ரோஜாக் கன்றுகளுக்கு மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சிம்பாங் ரெங்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய சின்ன நர்சரி. காலை வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது.

திரையில் கணவன் பெயர். ஜீவன்.

கெலாங் பாத்தாவில் ஒரு பங்களாவுக்கு வயரிங் வேலை என்று போனவன். எலெக்ட்ரீஷியன். சில நாட்களாக வீடு திரும்பவில்லை, போனும் எடுக்கவில்லை.

"யோகா…" குரல் நடுங்கியது. "லொகேஷன் அனுப்பறேன், உடனே வா. தனியா வா. போலீசுக்குப் போயிடாத… போனா நான் உயிரோட இருக்க மாட்டேன்."

வைத்துவிட்டான்.

மண் ஒட்டிய கையோடு காரை எடுத்தாள்.

அந்தப் பங்களா வெளியே பார்க்க அமைதியாக இருந்தது. ஆனால் ஒரு ஜன்னல் விடாமல் உள்பக்கம் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டியிருந்தார்கள். கதவைத் திறந்தவர் நெற்றியில் திருநீறு, இன் பண்ணிய சட்டை, கனிவான முகம்.

"வாங்க தங்கச்சி. நான் தங்கராஜு. ஜேபி டவுன்ல மீன் தொட்டிக் கடை வெச்சிருக்கேன்."

ஹாலுக்குள் காலை வைத்தவள் நின்றுவிட்டாள்.

மஞ்சள் விளக்குகள். அடுப்படி போல அனல். அதற்குக் கீழே வரிசை வரிசையாகச் செடிகள். விரல் விரித்த இலைகள். மூக்கைத் துளைக்கும் நெடி.

கஞ்சா.

வரிசைகளுக்கு நடுவே ஓர் ஆள் குப்புறக் கிடந்தான்.

தங்கராஜு காலால் புரட்டிப் போட்டார். யோகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். தீபன்… ஜீவனின் கூட்டாளி. போன தீபாவளிக்கு அவள் கையால் முறுக்கு வாங்கித் தின்றவன். வலது உள்ளங்கை கருகியிருந்தது.

விளக்கு வயரைத் தொட்டுவிட்டான், பாவம் என்றார் தங்கராஜு. செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் இவன்தானாம். இனிமேல் அவள் பார்க்க வேண்டுமாம்.

அவளைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. நர்சரிக்கு வருவதற்கு முன்பு, மூடப்பட்டுவிட்ட ஒரு விதைக் கம்பெனியில் புது ரகங்களை உண்டாக்குகிற வேலையில் இருந்தவள் யோகேஸ்வரி. எந்தப் பூவின் மகரந்தத்தை எந்தப் பூவில் தடவினால் என்ன பிறக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி.

தங்கராஜுவுக்கு வேண்டியது ஒரு புது ரகம். குட்டையாக வளர வேண்டும். அறுக்கிற வரைக்கும் வாசனை வெளியே போகக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே மூக்கைச் சுளிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

முடியாது என்றாள்.

அவர் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, பின்பக்க அறையைத் திறந்தார்.

தரையில் ஜீவன். உதடு கிழிந்து ரத்தம்.

"செஞ்சி குடுத்துடு யோகா. செஞ்சிட்டா விட்டுடுவாங்க… இல்லைன்னா தீபன் பக்கத்துலயே என்னையும் படுக்க வெச்சிடுவாங்க."

கதவு மூடியது.

தங்கராஜு கனிவாகவே விளக்கினார். இந்த வீட்டின் வாடகை ஒப்பந்தம் ஜீவன் பெயரில். வயரிங் செய்தவனும் ஜீவன். போலீஸ் வந்தால் அவர் வெறும் மீன் கடைக்காரர். கஞ்சாவும் பிணமும் ஜீவன் தலையில்.

"ஆயுசு முழுக்க உள்ளதான். வித்தான்னு சேத்து எழுதினா கயிறு. உங்க புருசன் கழுத்து உங்க கையில இருக்கு தங்கச்சி."

அன்று அவள் எப்படிக் காரை ஓட்டி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து அழுதாள். தீபனுக்காக அழுதாள். ஜீவனுக்காக அழுதாள்.

போலீசுக்குப் போனால் கணவன் போய்விடுவான். போகாவிட்டால் தானே கஞ்சாக்காரி ஆகிவிடுவாள்.

அழுது ஓய்ந்தபோது ஒன்று புரிந்தது.

போலீஸ் வருகிற நாளில் அந்த வீட்டில் கஞ்சாவே இல்லை என்றால்?

*

முதலில் விளக்கில் கை வைத்தாள்.

மறுநாள் அவள் போனபோது பிணத்தை அப்புறப்படுத்தி, தரையைக் கழுவியிருந்தார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மேல் இலைக்குப் பக்கத்தில் உள்ளங்கையை நீட்டி, சுடுகிறது பாருங்கள் என்று தங்கராஜுவிடம் காட்டினாள். இந்த மஞ்சள் விளக்கு கரண்டையும் குடிக்கும், செடியையும் பொசுக்கும். வெள்ளை எல்இடி பேனல் போட்டால் சூடு குறைவு, பில்லும் குறையும். மீன் தொட்டிக் கடைக்கென்று வாங்கினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

தங்கராஜு அசந்துபோனார். அவள் சொன்னதையெல்லாம் நம்பத் தொடங்கினார்.

அடுத்து அவள் பொய் சொன்னாள். பழைய செடிகளில் வைரஸ் இருக்கிறது. ஒன்றை மிச்சம் வைத்தாலும் புதுசையும் தொற்றும். வேரோடு பிடுங்கி எங்கேயாவது தொலைத்துவிட்டு, வீட்டையே கழுவிவிட்டு, விதையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அவர் அறைப் பக்கம் போய் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு வந்தார். பிறகு தலையாட்டினார்.

செடிகள் மூட்டை மூட்டையாக வேனில் போயின. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த விதைகளை அவளிடம் கொடுத்தார்கள். அவள் அவற்றைப் பொடியாக நசுக்கி டாய்லெட்டில் போட்டு, தண்ணீர் ஊற்றினாள். இரண்டு தடவை ஊற்றினாள்.

மண் பைகளில் அவள் ஊன்றியது வேறு விதை.

கெனாஃப்.

நார் எடுக்கிற செடி. செம்பருத்திக்குச் சொந்தம். பழைய கம்பெனியில் அதில்தான் அவள் புது ரகம் உண்டாக்கிக்கொண்டிருந்தாள்; மிச்சமான விதை வீட்டில் இருந்தது. புகைத்தால் இருமல்தான் வரும். ஆனால் இலை…? அச்சு அசல் கஞ்சா இலை!

செடிகள் முழங்கால் உயரம் வந்தன. இடுப்புயரம் வந்தன. தங்கராஜு தினமும் மோந்து பார்த்தார். வாசனையே இல்லை.

"கெட்டிக்காரி தங்கச்சி நீங்க," என்றார் மனமார.

ஒரே ஓர் ஆபத்து. பூ.

பூத்துவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். இளமஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு. கஞ்சாவில் அப்படிப் பூப்பதில்லை என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நல்ல வேளையாக, இருட்டு நேரம் நீளமானால்தான் கெனாஃப் பூக்கும். அதனால் விளக்குகள் நாளின் பெரும்பகுதி எரியும்படி டைமரை வைத்திருந்தாள். இருட்டு கொஞ்ச நேரம்தான்.

அதற்குள் ஜீவனை அந்த வீட்டை விட்டு எப்படியாவது வெளியே கொண்டுவர வேண்டும். அவன் வெளியே வந்த அடுத்த நிமிடம் போலீஸ். இதுதான் அவள் திட்டம்.

பேனல் வாங்கத் துணைக்கு அவரை அனுப்புங்கள் என்று கெஞ்சினாள். வயர் சூடாகிறது, அவரை வெளியே விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். தங்கராஜு மசியவில்லை. எப்போதாவது அறையைத் திறந்து காட்டும்போது பக்கத்திலேயே நின்றார். செடி ரகசியத்தை ஜீவன் காதில் போட வழியே இல்லை. அவனோ, வம்பு வேண்டாம், சொல்வதைச் செய் என்று மட்டும் முனகினான்.

அவளுக்கு உடம்பு இளைத்தது. சோறு இறங்கவில்லை. நர்சரியில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கூடத் தூக்கிவாரிப் போட்டது.

ஒரு நாள் டைமரைப் பார்த்தவள் மறுபடியும் குனிந்து பார்த்தாள்.

யாரோ மாற்றியிருந்தார்கள். பாதி நாள் வெளிச்சம். பாதி நாள் இருட்டு.

"நான்தான் தங்கச்சி," என்றார் தங்கராஜு பெருமையாக. "வீடியோல பாத்தேன். இருட்டு குடுத்தாதான் பூக்குமாமே… நீங்க ஏன் சொல்லல? ரொம்ப நாளாவே மாத்தி வெச்சிருக்கேன், நீங்க கவனிக்கல."

இலைக்காம்புகளின் இடுக்குகளில் பச்சை மொட்டுகள்.

அன்றிலிருந்து அவள் தினமும் விடிந்ததும், காரைச் சாலை முனையில் நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். குப்பை கொட்டுவதற்காகத் தங்கராஜு பின்கதவைத் திறந்து வைக்கிற நேரம். மொட்டுகளைக் கிள்ளிக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டாள். கிள்ளக் கிள்ள வந்துகொண்டே இருந்தன.

*

அன்று பின்கதவு திறந்திருந்தது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம்.

ஹாலுக்குள் நுழைந்தவள் உதட்டைக் கடித்தாள்.

பூத்துவிட்டன.

அங்கொன்றும் இங்கொன்றுமாக இளமஞ்சள் பூக்கள் மலர்ந்து அவளைப் பார்த்தன. பறித்தாள். பையில் திணித்தாள். ஓடி ஓடிப் பறித்தாள். ஓர் உயரமான செடியின் உச்சியில் ஒன்று… எம்பினாள். எட்டவில்லை.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

கடைசி வரிசைக்குப் பின்னால், மெயின் சுவிட்சுப் பெட்டிக்குக் கீழே, குந்தி உட்கார்ந்துகொண்டாள். போனை எடுத்து போலீஸ் அவசர எண் 999ஐ அழுத்தினாள். ஒலியை முழுக்கக் குறைத்தாள். பேச முடியாது. அப்படியே நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

தங்கராஜு வந்தார். நின்றார். பூவைப் பார்த்தார்.

நேராகப் பின்பக்க அறைக்கு நடந்தார். முடிந்தது, ஜீவனைக் கொல்லப் போகிறார் என்று அவள் எழப்போனாள்.

ஆனால் அவர் சாவியை எடுக்கவில்லை.

கதவைத் தட்டினார். மெதுவாக. மரியாதையாக.

"பாஸ்… கொஞ்சம் வெளிய வாங்க."

தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

உள்ளேயிருந்து.

லுங்கியும் கையில் காப்பிக் கோப்பையுமாக ஜீவன் வந்தான். உதட்டில் காயம் இல்லை. முகத்தில் பயம் இல்லை. கண்ணில் தூக்கக் கலக்கம் மட்டும்.

இலைகளின் இடைவெளியில் யோகேஸ்வரி தன் கணவனைப் பார்த்தாள். யாரோ ஓர் ஆளைப் பார்ப்பது போல இருந்தது.

ஜீவன் உச்சியை வளைத்துப் பூவைப் பறித்தான். விரல்களுக்கு நடுவே சுழற்றினான்.

"கஞ்சா இல்லடா இது. கெனாஃப். கல்யாணமான புதுசுல வேலையிலேர்ந்து எடுத்து வந்து ஜாடில வெப்பா."

"அப்ப நம்ம விதைங்க?"

"அத அவளத்தான் கேக்கணும்." காப்பியை ஒரு வாய் உறிஞ்சினான். "காசு குடுத்தா செய்ய மாட்டா. எனக்கு ஆபத்துன்னா செய்வான்னு நெனச்சேன். என்னையே ஏமாத்திட்டா."

தங்கராஜு என்ன செய்வது என்று கேட்டார்.

"தீபன் போலீசுக்குப் போறேன்னான். கையில வயரக் குடுத்தேன். இவளுக்கும் அதேதான். இன்னைக்கு வரட்டும்."

"பாஸ்… சம்சாரம் பாஸ்."

"அதனாலதான் இவ்ளோ நாள் விட்டு வெச்சேன்."

யோகேஸ்வரியின் முதுகு ஒரு செடியில் உரசியது. இலைகள் சலசலத்தன.

ஜீவன் திரும்பினான்.

"யாரு அது?"

பிறகு அவன் குரல் மாறியது. அந்தப் பழைய நடுங்கும் குரல்.

"யோகா… நீயா? கிட்ட வாம்மா. இந்தாளு என்னக் கொல்லப் பாக்கறான்…"

தங்கராஜு கூட ஒரு கணம் மிரண்டு பின்வாங்கினார். அவ்வளவு நிஜமான குரல்!

அவள் எழுந்தாள். மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள்.

இருட்டு. கறுப்பு பிளாஸ்டிக்கின் உபயத்தில் கன்னங்கரிய இருட்டு.

அவர்களுக்குத்தான் இருட்டு. அந்த வரிசைகளை நட்டவள் அவள். இடது பக்கம் திரும்பி, சுவரைத் தடவி ஓடினாள். பின்னால் பைகள் சரிந்தன. கோப்பை உடைந்தது. யாரோ யாரையோ பிடித்துக்கொண்டு, பிடித்துவிட்டேன் என்று கத்தினார்கள். சமையலறை. பின்கதவு. வெயில்.

செருப்பில்லாமல் ஓடினாள். சாலை முனையில் நாசி லெமாக் சோறு விற்கும் அம்மா பதறிப்போய் அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். யோகேஸ்வரி போனைக் காதில் வைத்தாள். இணைப்பு துண்டிக்கப்படாமல் இருந்தது. அழுதுகொண்டே மலாயில் முகவரியைச் சொன்னாள்.

ஜீவனும் தங்கராஜுவும் வேனைக் கிளப்பி கேட்டைத் தாண்டியபோது போலீஸ் கார் குறுக்கே வந்து நின்றது.

*

ஜீவன் கலங்கவில்லை. அவன் வைத்த வக்கீல் ஸ்டேஷனில் சிரித்தபடி கேட்டார்: நார்ச்செடி வளர்ப்பது எந்தச் சட்டத்தில் குற்றம்?

செடிகளைச் சோதித்த கெமிஸ்ட் ரிப்போர்ட்டும் அதையே சொன்னது. ஒரு துளி கஞ்சா இல்லை. செம்பருத்திக் குடும்பம்.

இன்ஸ்பெக்டர் சாந்தினி யோகேஸ்வரியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கஞ்சா வழக்கு நிற்காது என்றார். அவள் முகம் சுருங்குவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஆனா கொலை வழக்கு நிக்கும். நீங்க போன்ல ஒண்ணும் பேசல. அவங்க ரெண்டு பேரும் நல்லாவே பேசியிருக்காங்க. எல்லாம் பதிவாகியிருக்கு."

தங்கராஜுவும் வாயைத் திறந்துவிட்டார். பாஸுக்காகத் தூக்கில் தொங்க அவர் தயாராக இல்லை. செம்பனைத் தோட்டத்தில் தீபனைப் புதைத்த இடத்தை அவரே போய்க் காட்டினார். மண்ணை விலக்கியபோது யோகேஸ்வரியும் அங்கே நின்றாள். தீபனின் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு.

கோர்ட்டுக்கு அழைத்துவந்த நாளில், வராந்தாவில் ஜீவன் அவள் எதிரே வந்தான். கையில் விலங்கு. அவளைப் பார்த்ததும் கண் கலங்கியது. அது நிஜமா நடிப்பா என்று யோசிப்பதை அவள் விட்டு நாளாகிவிட்டது.

"யோகா… என்னக் காப்பாத்தத்தான வெதைய மாத்துன? அவ்ளோ பாசம் எம்மேல. இல்லன்னு சொல்லு பாப்போம்."

"இல்லன்னு சொல்லல. நீ யாருன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா," என்றாள் யோகேஸ்வரி நிதானமாக, "நெஜ விதையையே ஊனி நல்லா தண்ணி ஊத்தி வளத்திருப்பேன். இப்ப ஒரு கேஸு… அப்ப ரெண்டா பூத்திருக்கும்!"