செவ்வாய்க்கிழமைக் கைகள்

"ஏய்யா... என் கழுத்துல உன் கை எதுக்கு?"

"சும்மா படு, அமர்லி."

போன செவ்வாய்க்கிழமை மதியம் அவளுக்கும் கணவன் ஒகாண்டேவுக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதான்!

அதை அப்படியே போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சோவாவிடம் ஒப்பித்தாள் அமர்லி. கானா நாட்டின் அக்ரா கடற்கரையில் இருபத்தைந்து வருடமாக மீனைப் புகைபோட்டு விற்பவள். இரண்டு வார்த்தைக்கு ஒரு இருமல்.

"முழிச்சுப் பாத்தா மூச்சு இல்ல மேடம்... தொண்டையில இவன் கை! ஒரு வருஷமா செவ்வாய்க்கிழமையானா இதே கதை!"

"மத்த நாள்?"

"நிம்மதியாத் தூங்குவேன். இவன்தான் கடலுக்குப் போயிடுவானே!"

சோவா புன்னகைத்தாள். அந்த ஊர் மீனவர் வழக்கப்படி செவ்வாய் கடலின் ஓய்வு நாள். ஒரு படகும் இறங்காது. புருஷன் வீட்டில்!

கேஸ் முடிந்தது!

"என்னய்யா ஒகாண்டே... கடலுக்கு லீவு விட்ட, கொலைக்கு விடலையா?"

அவன் கையில் விலங்கு. கண் மட்டும் மனைவி மேல்.

அவளோ... புகாரில் கையெழுத்துப் போடும்போதே தூங்கிவிட்டாள்!

கொர்ர்ர்... கொர்ர்ர்...

"ஸ்டேஷன்லயேவா!" கான்ஸ்டபிள் சிரித்தார்.

கொர்ர்...

நின்றது.

ஐந்து விநாடி... பத்து... பதினைந்து... அவள் உதடு நீலம் பாய்ந்தது!

ஒகாண்டே பாய்ந்தான். விலங்கோடு அவள் தாடையைப் பிடித்துத் தூக்கினான்!

"டேய்! எங்க கண்ணு முன்னாடியேவா!" கான்ஸ்டபிளின் லத்தி ஓங்கியது.

"ஹக்!"

அமர்லிக்கு மூச்சு வந்தது.

லத்தி அந்தரத்தில் நின்றது!

ஒரு மணி நேரம் கழித்து, போலீஸ் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார்.

"கழுத்துல ஒரு கீறல்கூட இல்ல. தூங்கினா இவங்க தொண்டை தானா மூடிக்குது. புகையில நுரையீரல் ஏற்கெனவே பாதி போச்சு. ரெண்டும் சேர்ந்து இதயத்தைப் போட்டு வாட்டுது... கால் வீங்கியிருக்கு பாருங்க! தூங்கும்போது மூச்சுக்கு மெஷின் மாட்டணும்."

"அப்ப செவ்வாய்க்கிழமை..."

"அன்னிக்குத்தான் காப்பாத்த ஆள் இருக்கு இன்ஸ்பெக்டர். மூச்சு நின்னு நின்னு வர்றது தூங்கறவங்களுக்குத் தெரியாது. தொண்டையோட கொலை முயற்சி மத்த ஆறு நாள்தான்!"

சோவா மெதுவாக விலங்கைக் கழற்றினாள்.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?" அமர்லியின் குரல் உடைந்தது.

"குறட்டைன்னு ஒரு தடவை சொன்னதுக்கே ஒரு வாரம் சோறு போடல நீ!"

அவன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். தயங்கினான்.

"அமர்லி... ஒரு வருஷமா ஒண்ணு கேக்கணும்னு..."

"கேளுய்யா!"

"மெஷின் வந்ததும்... செவ்வாய்க்கிழமை நானும் கொஞ்சம் தூங்கிக்கட்டுமா?"