வர்றேன் என்று ஒரு தட்டு

கொத்தனார் சுவரை ஒரு தடவை தட்டினார். சுவர் உள்ளிருந்து மூன்று தடவை தட்டியது.

எலி என்று நினைத்துக்கொண்டார். நூறு வருஷத்துக் கட்டடத்தில் எலி இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். பேய் பிசாசு என்று கதை விடுகிறவர்களை அவர் கிட்டத்திலேயே சேர்ப்பதில்லை. பாதிப் பேருக்கு அது வேலையிலிருந்து நழுவ ஒரு சாக்கு. ஆளை நம்பாதே, சுவரைத் தட்டிப் பார்த்து நம்பு என்பதுதான் அவர் படித்த ஒரே பாடம். பழைய சுண்ணாம்புப் பூச்சு கல்லோடு ஒட்டியிருந்தால் விரல் முட்டிக்குக் கெட்டியான சத்தம் வரும். பிடிப்பு விட்டிருந்தால் காலிப் பானையைத் தட்டினதுபோல் கேட்கும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வளைத்து, சின்னத் துளைகள் போட்டு, நீர்த்த சுண்ணாம்பை ஊசிக்குழலால் உள்ளே ஏற்றி, பூச்சைச் சுவரோடு ஒட்டவைக்க வேண்டும். உடைத்துப் புதுசாகப் பூசுவது எந்த மடையனுக்கும் வரும். உடைக்காமல் காப்பாற்றுவதற்குத்தான் அவரைக் கூப்பிடுவார்கள்.

அந்தக் கூடத்துச் சுவர் முழுக்கப் பூச்சிலேயே இழைத்த கொடியும் பூவும். ஈரம் வேகமாகக் காய்ந்தால் வெடித்துவிடும் என்று ஜன்னல்களைச் சாத்தி ஈரச்சாக்கு தொங்கவிட்டிருந்தார்கள். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில் அடிக்க, உள்ளே மட்டும் பொழுது எப்போதும் அந்தியாகவே நின்றது. ஊறின சாக்கின் நாற்றமும் தொட்டியில் தணியாத சுண்ணாம்பின் வாடையும் நெஞ்சில் வந்து உட்கார, சாக்கின் நுனியிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் அறைக்குள் யாரோ நாக்கைச் சப்புவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு கை தள்ளித் தட்டினார். ஒன்று.

மூன்று வந்தது.

சாக்பீஸ் கோடு வட்டமாக முடியவில்லை. தரையிலிருந்து ஒரு கட்டில் உயரத்தில், படுக்கைவாட்டில், ஐந்தடி நீளத்துக்குப் போனது. ஒரு முனையில் உருண்டை. நடுவே ஒரு மேடு. கொத்தனார் தள்ளி நின்று பார்த்துவிட்டு, வேர்வையைத் துடைப்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தொட்டியில் சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்த மைத்துனனைக் கூப்பிட்டார். மனைவியின் தம்பி. அக்கா செத்து எட்டு மாதமாக ஒரே வேலைக்கு வருகிறான், ஒரே பானையில் தண்ணீர் குடிக்கிறான், முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

"மாப்ள, இங்க வா. சத்தம் ஏதாவது கேக்குதா பாரு."

அவன் காதை வைத்தான். கொத்தனார் தட்டினார். மூன்று வந்தது. மைத்துனனின் கழுத்து நரம்பு புடைத்து அடங்கியது.

"எனக்கு ஒண்ணும் கேக்கல மாமா."

"நல்லா கேளுடா."

"அன்னைக்கு உங்களுக்குக் கேக்கலன்னு சொன்னீங்கல்ல. அதே மாதிரிதான்."

போய்விட்டான். சுண்ணாம்புக் கரண்டி தொட்டியில் உரசுகிற சத்தம் முன்னைவிட வேகமாக வந்தது.

மனைவிக்கு வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போன பிறகு, கட்டிலை ஒட்டிய சுவர்தான் வாய். இரண்டு தட்டினால் தண்ணீர். மூன்று தட்டினால், வா. இந்தப் பக்கத்திலிருந்து அவர் ஒன்று தட்டினால், வர்றேன். சண்டைகூடப் போட்டார்கள் அதில். ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் விடாமல் பத்துப் பதினைந்து தட்டுவாள். அவர் கரண்டியோடு போய், "செவுத்த ஒடச்சிட்டு வந்துருவ போல" என்பார். அவள் ஒரு பக்கமாகச் சிரிப்பாள்.

அன்றைக்கு வீட்டில் அடுத்த அறையில் அச்சில் சாந்துப் பூ வார்த்துக்கொண்டிருந்தார். மூன்று கேட்டது. பாதி ஊற்றியாகிவிட்டது; விட்டால் இறுகிவிடும். ஒன்று தட்டிவிட்டு மிச்சத்தை ஊற்றினார். மறுபடி மூன்று. மறுபடி ஒன்று தட்டினார். பத்து நிமிஷம். பூ ஒரு இதழ் பிசகாமல் வந்தது. அவள் வாயில் வந்ததைத் துப்ப முடியாமல் மூச்சடைத்து, சுவரில் கை வைத்தபடியே செத்துக் கிடந்தாள்.

கேட்கவே இல்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னார்.

மேற்பார்வை இன்ஜினியரம்மா வந்து கோட்டை அளந்தாள்.

"இத ஒடச்சுப் பாத்துரலாமாம்மா. உள்ள என்னமோ இருக்கு." வாழ்நாளில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது முதல் தடவை.

"நீங்களா கொத்தனாரே ஒடைக்கலாம்னு சொல்றது? ஒரு சில்லு விழக்கூடாதுன்னு எங்கிட்டயே சண்ட போடுற ஆளு." சிரித்தாள். "ரொப்பிடுங்க."

மேலே வற்புறுத்தினால் உள்ளே என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் அன்றைக்குக் கேட்டதையும் சொல்ல வேண்டியிருக்கும். தொட்டிப் பக்கம் பார்த்தார். மைத்துனன் நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சரிம்மா."

பூச்சு சரியாமலிருக்கப் பலகையில் சாக்கைச் சுற்றி முட்டுக் கொடுத்தார். துளை போட்டார். கீழ்த்துளையில் ஏற்றினால் மேல்துளையில் சுண்ணாம்புப்பால் எட்டிப் பார்க்க வேண்டும். பார்த்தால் பஞ்சால் அடைத்துவிட்டு அடுத்தது. ஒரு வாளி போனது. எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு வாளி. உள்ளே மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டேயிருந்தது. விரல் முட்டி மட்டும் படுகிற சத்தம். அவருக்குத் தெரிந்த சத்தம்.

மூன்றாவது வாளியில் தட்டு தடுமாறியது.

கை நின்றது.

"ஏன் மாமா நிறுத்திட்டீங்க?" பின்னால் மைத்துனன். குரல் உடைந்திருந்தது.

கொத்தனார் முட்டுப் பலகையைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். பாதி ஏற்றியாகிவிட்டது.

"விட்டா இறுகிரும்டா" என்றார்.

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது. ஆனாலும் கை குழலை அழுத்தியது. நாற்பது வருஷத்துக் கை. மூன்று தட்டு இரண்டானது. ஒன்றானது. உருண்டை முனையில் கடைசித் துளை. பால் எட்டிப் பார்த்தது. வெதுவெதுப்பாக. பஞ்சை வைத்தார். பஞ்சு அவர் விரலிலிருந்து உள்ளே இழுபட்டது.

கட்டைவிரலால் அழுத்தி அடைத்தார்.

சத்தம் நின்றது.

மூன்று நாள் ஆறவிட்டார்கள். மூன்று நாளும் அவர் சோற்றைத் தொடவில்லை. நாலாம் நாள் முட்டுப் பலகையை எடுத்தபோது அதோடு பூச்சும் வந்தது. ஒரே துண்டாக, மெதுவாக, கதவு திறப்பதுபோல். கொடியும் பூவும் தரையில் விழுந்து தூளாயின. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சுவரில் அவர் ஊற்றினது இறுகி நின்றது. அச்சில் வார்த்த மாதிரி. ஒரு மயிரிழை பிசகாமல்.

ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கீழிறங்கின பாதி உதடு. சுவரை நோக்கி மடக்கின கை. விரல் முட்டிகள் தேய்ந்து தட்டையாக.

"அக்கா" என்றான் மைத்துனன். அப்புறம் எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தான். "கேட்டுதுதான மாமா. அன்னைக்கு."

"கேட்டுது."

கொத்தனார் முட்டிபோட்டார். திறந்த வாய் தொண்டை வரைக்கும் வெள்ளையாக நிறைந்து கல்லாகியிருந்தது. உதட்டுக்கு நடுவே அவர் அழுத்திய பஞ்சு. அவர் கட்டைவிரல் ரேகை அதில் அப்படியே.

பஞ்சு உள்ளே போனது.

வெளியே வந்தது.

உள்ளே போனது.