ஒன்பதாவது நிமிடம்

“அண்ணாத்தே! வடிவு அக்கா கண்ணே தொறக்கல... மூச்சு இல்ல!”

போனில் பக்கத்து வீட்டு ராணி அலறினாள்.

மோகன் கதறி அழுதான். அந்த அழுகையைப் பதினைந்து நாளாக ஒத்திகை பார்த்திருந்தான்!

மனைவி வடிவுக்கு இதயத் துடிப்பில் கோளாறு. தினமும் ஒரு கேப்சூல். மாத்திரை டப்பாவிலிருந்து எடுத்து மோகனேதான் ஊட்டுவான். உள்ளே இருந்த மருந்தைக் கொட்டிவிட்டு, அதன் கண்ணாடிப் பிம்பமான இன்னொரு தூளை அடைத்திருந்தான்.

அதே எடை. அதே அணுக்கள். வலது கையும் இடது கையும் மாதிரி. வலது காப்பாற்றும். இடது... துடிப்பை நிறுத்தும்!

அவன் மேனேஜராக இருந்த அம்பத்தூர் எஸ்டேட் லேபில் அந்த இடது கைத் தூள், மருந்தைப் பிரித்தபின் மிஞ்சும் வெறும் கழிவு.

மூன்றாம் நாள் காலை. இன்ஸ்பெக்டர் ஜம்புலிங்கம் டப்பாவோடு லேபுக்கே வந்தார்.

“மருந்துக் கம்பெனிக்காரன் தப்பான மருந்து குடுத்துக் கொன்னுட்டான் சார்! இங்கயே டெஸ்ட் பண்ணிப் பாருங்க!” மோகன் கதறினான்.

“பாதிய கவர்மென்ட் லேபுக்கு அனுப்பிட்டேன். மீதி இங்க கீது. ஆரம்பிம்மா.”

திவ்யா தூளைக் கரைத்து மெஷினில் ஏற்றினாள். அங்கே வேலை செய்பவள். மோகனின் ரகசியக் காதலி.

“சாதா குழாய்ல ரெண்டும் ஒண்ணாத்தான் சார் வரும். இந்தக் குழாய் இடதை மட்டும் கொஞ்சம் புடிச்சு வைக்கும். வலது ஆறாவது நிமிஷம், இடது ஒன்பது.”

ஆறு... திரையில் கோடு அசையவில்லை.

ஒன்பது... கோபுரமாய் எழும்பியது!

“பாத்தீங்களா சார்! கொலைகாரப் பசங்க!” மோகன் தலையில் அடித்துக்கொண்டான்.

“இருய்யா. உன் ஊட்டு பீரோவுல பிரிக்காத மாத்திரை அட்டை ஒண்ணு எடுத்தேன். பில்லுல கீற அதே பேட்ச். அதையும் ஏத்தும்மா.”

ஆறாவது நிமிடம்... எழும்பியது!

“அட்டைல நல்ல மருந்து... டப்பால மட்டும் எமன்! டப்பாவை ரொப்பினது யாரு?”

மோகன் திவ்யா பக்கம் திரும்பினான். “மெஷின் கோளாறுன்னு சொல்லு திவ்யா!”

“மெஷின் நல்லாத்தான் கீது. கழிவுத் தூள் கொறையுதுன்னு இன்ஸ்பெக்டர் சார்கிட்ட சொன்னதே நான்தான்.”

“அடிப்பாவி! உனக்காகத்தானேடி அவளைக் கொன்னேன்!”

திவ்யா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“அதான் பயமா கீது. நாளைக்கு நான் சலிச்சுட்டா... எனக்கும் ஊட்டுவ இல்ல?”

ஜம்புலிங்கம் விலங்கை எடுத்தார்.

“மெஷினுக்கே ஒன்பது நிமிஷம் புடிச்சுது. நீ ஒரே செகண்டுல கக்கிட்டியே நைனா!”