ஒரே மரபேடு, இரண்டு பசுக்கள்

அந்தியூர்ச் சந்தையில் விடிந்ததும் முதல் வேலை, மாடுகளைப் படுதா போட்டு மறைப்பது. கொம்பைச் சீவி எண்ணெய் தடவி, இரண்டு வேளைப் பாலை மடியில் தேக்கி, கிழட்டு மாட்டைத் தலையீத்து என்று தலையில் கட்டிய காலம் ஒன்று இருந்தது. ஏமாந்தவர்கள் போட்ட கூச்சலில் பிறந்ததுதான் கண்கட்டுச் சட்டம். வாங்குகிறவர் மாட்டைப் பார்க்கக் கூடாது. பலகையில் ஒளிரும் மரபேட்டை, அதாவது ஜீனோமைப் பார்த்துக்கொள்ளலாம். விலையையும் அதுவே சொல்லிவிடும்.

தெய்வாத்தாளுக்கு ஒரு பசு வாங்கத்தான் வக்கிருந்தது. பழைய பசு சீக்கில் போய்விட்டது. இது சரியாக அமையாவிட்டால் தயிர்க்கடையும் போய்விடும். எதிரெதிரே இரண்டு படுதாக்கள். இரண்டும் ஒரே பசுவின் நகல்கள், மரபேட்டில் ஓரெழுத்துப் பிசகவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதானுங்க அம்மணி. கண்ணை மூடிட்டு ஒண்ணைத் தொடுங்க" என்றார் சந்தை மேற்பார்வையாளர்.

"அதைத்தான் நீங்களே மூடிட்டீங்களே."

அவள் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள். பேரம் பேசாமல் கத்தரிக்காய் வாங்கினால்கூட அந்த வீட்டில் சோறு இறங்காது. மாட்டைப் பார்க்கத்தானே தடை? வளர்த்த ஆளைப் பார்க்கத் தடையில்லை. விதை ஒன்றானாலும் வயலைப் பொறுத்துத்தானே வெள்ளாமை.

முதல் படுதாவின் முன்னால் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தான்.

"ஏனுங்க, கன்னுல சீம்பால் குடிச்சுதுங்களா?"

"எல்லாம் ஏட்டுல இருக்குதுங்க."

"சீம்பால் ஏட்டுல ஏறாதுங்களே."

அவன் தலையைச் சொறிந்தான். அவள் எதிர்ப்பக்கம் போய் நாச்சிமுத்துவிடம் அதையே கேட்டாள்.

"இதை வயித்துல சுமந்த பசு ஈன்னதும் செத்துப்போச்சுங்க. பக்கத்துத் தோட்டத்துல சீம்பால் வாங்கி விரல்ல தொட்டு ஊட்டுனேன். பால் நல்லாக் கறக்கும். மழைச் சத்தத்துக்கு மட்டும் மிரளும்."

"இதையே ஓட்டிக்கிறேன்."

நாச்சிமுத்து கயிற்றைக் கொடுக்கவில்லை.

"மாட்டோட யோக்கியதையைப் பலகை சொல்லிருச்சு. உங்களுதை யாருங்க சொல்றது? கொட்டாய்க்கு என்ன கூரை?"

"தகரம்."

"ஆகாதுங்க. கீத்து வேயோணும்."

"மழைக்கு முன்னால ஒரு அடுக்கு போட்டுர்றேன்."

"ரெண்டு."

"சரி, ரெண்டு. தீனிக்குச் சோளத்தட்டு நீங்கதான் ஒரு கட்டு தரோணும்."

"ஓட்டிட்டுப் போங்க" என்று படுதாவை விலக்கினான். காது கிழிந்த, வயிறு நிறைந்த பசு. வாங்கியவளை ஏறெடுத்தும் பாராமல் அவன் முழங்கையை நக்கிக்கொண்டிருந்தது.

"உங்களை நக்க ஒரு மாசம் ஆகும்ங்க" என்றான், கயிற்றை அவளிடம் நீட்டி.

"ஒரு வாரம்னு முடிச்சுக்கலாங்க" என்றாள் தெய்வாத்தாள், பசுவின் கழுத்தைச் சொறிந்தபடி.