ஒரு சாண் தள்ளி நின்ற நிலா

பொறாமை வந்தால் வயிறு எரியும் என்று சொல்வார்கள். கடுகுக்கு வயிறு ஒன்றும் செய்யவில்லை. காதுதான் சுட்டது.

கடுகு என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. ஆள் சின்னவள். கோபம் வந்தால் படபடவென்று வெடிப்பாள். அதனால் அப்பா வைத்த பெயர் அது. தெருவிலும் வகுப்பிலும்கூட அதுவே ஒட்டிக்கொண்டது.

அன்று சாயங்காலம் அவள் காது சுட்டதற்குக் காரணம் ஒரு கண்ணாடி.

கடுகின் அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டும் வேலை செய்கிறார். கடையை வேறு இடத்துக்கு மாற்றியபோது, பரணில் ஒரு மரப்பெட்டி கிடைத்தது. உள்ளே துணியில் சுற்றிய, முகம் தெரியும் வட்டக் கண்ணாடி ஒன்று இருந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம், செங்கல் போலக் கனம், நடுவில் மட்டும் லேசான குழிவு.

"தொலைநோக்கிக்காக யாரோ தேய்ச்ச கண்ணாடி இது. கேட்டு யாரும் வரலை. நீங்களே வெச்சுக்கோங்க," என்று முதலாளி கொடுத்துவிட்டார்.

அம்மா அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

"ஒரு குழாய் வேணும். அடியில இந்தக் கண்ணாடி, மேல சாய்வா ஒரு குட்டிக் கண்ணாடி, பக்கத்துல ஓட்டை போட்டு ஒரு லென்ஸ். அவ்வளவுதான், நிலாவைப் பக்கத்துல பார்க்கலாம்," என்றார்.

"நானும் செய்யறேம்மா," என்றாள் கடுகு.

"நீ இல்லாமலா கண்ணு?" என்றார் அம்மா.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அக்கா தன் புத்தகத்தைக் கொண்டுவந்தாள்.

அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். பெரியம்மாவுக்கு வெளியூருக்கு வேலை மாறிவிட்டதால், பள்ளிக்கூடம் முடியும்வரை அக்கா இவர்கள் வீட்டில் தங்கியிருந்தாள். நல்ல உயரம். எதைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருப்பாள். அப்பா அவளை 'புரொபசர்' என்றுதான் கூப்பிடுவார்.

புரொபசர் நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தில் தொலைநோக்கியின் படம் இருந்தது. குழாய் எவ்வளவு நீளம் இருக்கவேண்டும், குட்டிக் கண்ணாடியை எப்படிச் சாய்க்கவேண்டும், எல்லாவற்றையும் அம்மாவுக்கு விளக்கினாள்.

"உனக்கு எப்படி கண்ணு இதெல்லாம் தெரியுது?" என்றார் அம்மா.

கடுகு நிமிர்ந்து பார்த்தாள். கண்ணு? அது என் பேராச்சே!

அப்போதுதான் காது சுட ஆரம்பித்தது.

மறுநாளிலிருந்து கூடம் முழுவதும் ஆணியும் திருகும் மரத்தூளுமாகக் கிடந்தன. அம்மாவும் அக்காவும் தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்து வேலை செய்தார்கள். மூன்று திருகுகளை வைத்துக் கண்ணாடிக்கு ஒரு மரத் தாங்கி செய்தார்கள். கடுகுக்கும் வேலை கிடைத்தது. "டார்ச்சைப் பிடி." "அந்த மரையைத் தேடு." "ஆடாம நில்லு."

அப்பா கொண்டுவந்த பெரிய குழாய்க்குள் கறுப்பு வண்ணம் அடிக்கும் வேலை மட்டும் அவளுக்கென்றே வந்தது. ஏனென்றால் அதற்குள் பாதி உடம்பு நுழையக்கூடிய ஆள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். வெளியே வந்தபோது மூக்கும் நெற்றியும் கறுப்பாக இருந்தன. அக்கா சிரித்தாள். அம்மாவும் சேர்ந்து சிரித்தார். அக்கா மட்டும் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது கடுகுக்கு.

குழாயை எந்த நீளத்துக்கு அறுப்பது என்று அளக்கவேண்டியிருந்தது. தூரத்தில் இருக்கும் ஒரு பொருளின் உருவம், கண்ணாடிக்கு முன்னால் எந்த இடத்தில் தெளிவாக விழுகிறது என்று பார்க்கவேண்டும். அதை வைத்துத்தான் குழாயின் நீளம்.

"சூரியனை வெச்சுப் பார்த்தா சுலபம்னு போட்டிருக்கு சித்தி," என்றாள் அக்கா.

"அதெல்லாம் வேண்டவே வேண்டாம்," என்றார் அம்மா. "வெயில் பக்கம் இதைத் திருப்பினா காகிதம் பத்திக்கும். கண்ணும் போயிடும். வேற ஏதாவது பாரு."

அக்கா யோசித்தாள். அவர்கள் இருந்தது ஒரு அடுக்குமாடிக் கட்டடம். வீட்டு வாசலில் தொடங்கும் நீண்ட நடைவழியின் அந்தக் கோடியில் ஒரு விளக்கு உண்டு. நீளமான மரச்சட்டம் ஒன்றின் ஒரு முனையில் கண்ணாடியை நிறுத்தி, அதை அந்த விளக்கைப் பார்க்கத் திருப்பினாள். சட்டத்தின் மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை முன்னும் பின்னும் நகர்த்தினாள். ஓரிடத்தில் விளக்கின் உருவம் சின்னதாக, கூர்மையாக விழுந்தது. அங்கே பென்சிலால் கோடு போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை சித்தப்பாவை வெச்சு அறுத்துடலாம்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மாவும் அக்காவும் சமையலறையில் இருந்தார்கள். அப்பா ரம்பம் தேடிக்கொண்டிருந்தார். அவர் வீடுகளுக்குக் குழாய் பொருத்தும் வேலை செய்கிறவர். ஆனால் சொந்த வீட்டில் மட்டும் அவருடைய ரம்பம் எப்போதும் தேடவேண்டிய பொருளாகத்தான் இருக்கும்.

கூடத்தில் யாரும் இல்லை. கண்ணாடி சட்டத்தின் முனையில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. வெயில் விழாத பக்கத்து ஜன்னல் எதிரே திறந்திருந்தது.

இவங்க மட்டும்தான் செய்யணுமா என்று கடுகு சட்டத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். காகிதத்தைப் பிடித்து மெல்ல நகர்த்தினாள்.

காகிதத்தில் ஊர் வந்து உட்கார்ந்தது. தலைகீழாக, ஆனால் அத்தனை நிறத்தோடும். வெகு தூரத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி ஒரு பட்டாணி அளவில் தொங்கியது. அதன் மேல் ஒரு பறவை கடுகளவுக்குப் பறந்துபோனது. கடுகு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

பிறகுதான் பென்சில் கோடு கண்ணில் பட்டது. காகிதம் அந்தக் கோட்டில் இல்லை. கண்ணாடியை நோக்கித் தள்ளி இருந்தது. கோட்டுக்குக் கொண்டுபோனால் தொட்டி கலங்கி மறைந்தது. திரும்பக் கொண்டுவந்தால் தெளிந்தது. விரலை விரித்து அளந்து பார்த்தாள். அவள் கையால் சரியாக ஒரு சாண்.

விளக்கு பக்கத்தில் இருக்கிறது. தொட்டி தூரத்தில் இருக்கிறது. அதனால் வேறு வேறு இடத்தில் விழுகிறது. அப்படியென்றால் நிலாவுக்கு?

"அம்மா," என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

சமையலறையிலிருந்து அம்மாவின் சிரிப்பு கேட்டது. "போதும் கண்ணு, எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது," என்றார் அம்மா. அக்கா ஏதோ சொன்னாள். மறுபடியும் சிரிப்பு.

கடுகு வாயை மூடிக்கொண்டாள். சட்டத்தைப் பழையபடி திருப்பி வைத்தாள்.

எல்லாம் தெரிஞ்ச புரொபசர்தானே, தானே கண்டுபிடிக்கட்டும்.

அப்பா ரம்பத்தோடு வந்தார். குழாயின் ஒரு முனையைக் கடுகு பிடித்துக்கொண்டாள். ரம்பம் கரகரவென்று இறங்கியது. 'இப்பச் சொல்லிடு' என்று ஒரு மனசு சொன்னது. 'நீ ஏன் சொல்லணும்?' என்று இன்னொரு மனசு கேட்டது. அதற்குள் துண்டு கீழே விழுந்துவிட்டது.

தொலைநோக்கி முடிந்த அன்று வானத்தில் அரை நிலா இருந்தது. பொழுது சாய்ந்ததும் எல்லாரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். அப்பா குழாயைத் தோளில் தூக்கிவந்து திரும்பும்படி செய்த மரப் பீடத்தின் மேல் பொருத்தினார். அக்கா குனிந்து லென்ஸில் கண்ணை வைத்தாள்.

வெகு நேரம் நிமிரவே இல்லை.

"என்ன தெரியுது?" என்றார் அம்மா.

"பால் கொட்டின மாதிரி இருக்கு சித்தி. நிலாவா தெரியலை."

லென்ஸை வெளியே இழுத்தாள். இன்னும் மோசமாகக் கலங்கியது. உள்ளே தள்ளினாள். கொஞ்சம் தெளிவது போல இருந்தது. ஆனால் அதற்கு மேல் தள்ள வழியில்லை, குழாயில் இடித்தது. அம்மா பார்த்தார். அப்பா பார்த்தார். "மேகம் மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு மேலே பார்த்தார். மேகமே இல்லை.

"நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன்," என்றாள் அக்கா. குரல் கம்மியிருந்தது.

"உன் தப்பு இல்லை. கண்ணாடியே சரியில்லை போல. அதனாலதான் யாரோ பரண்ல போட்டுட்டுப் போயிருக்காங்க," என்றார் அம்மா. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "விடுங்க. நாளைக்குக் கழட்டிப் பெட்டியில வெச்சுடலாம்."

கடுகு கொஞ்சம் தள்ளி நின்று, சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அம்மா தன் சேலைத் தலைப்பால் குழாயின் மேல் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூசி போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்கவே கடுகுக்குப் பிடிக்கவில்லை.

பெரியவர்கள் கீழே போன பிறகும் அக்கா மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். கடுகு இரண்டு படி மேலே உட்கார்ந்தாள்.

"அழறியா?"

"இல்லை," என்று மூக்கை உறிஞ்சினாள் அக்கா. "நீ சிரிச்சுக்கோ. உனக்கு என்னைப் பிடிக்காதுன்னு தெரியும்."

அது உண்மைதான்.

"சித்தி என்கூட வேலை செய்யும்போது என்ன பேசுவாங்க தெரியுமா?" என்றாள் அக்கா. "கடுகு கையில இதைக் குடுத்தா பிரிச்சுப் போட்டுடுவா. கடுகு அப்படிக் கேப்பா, கடுகு இப்படிச் சொல்லுவா. பூரா நேரமும் உன் பேச்சுதான். எங்கம்மா எங்கயோ ஊர்ல இருக்காங்க. எனக்கு எவ்வளவு கடுப்பா இருக்கும்!"

கடுகு ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தாள்.

"கண்ணாடி நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கோடுதான் தப்பு. அந்த விளக்கு ரொம்பப் பக்கம். தண்ணித் தொட்டியை வெச்சுப் பார்த்தா ஒரு சாண் முன்னாடியே விழுது. நான் பார்த்தேன்."

அக்கா திரும்பினாள். "எப்பப் பார்த்த?"

"குழாயை அறுக்கறதுக்கு முன்னாடி."

அக்கா அவளையே பார்த்தாள். கடுகு தன் கால் விரல்களைப் பார்த்தாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

அக்காவுக்குக் கோபம் வந்தது முகத்திலேயே தெரிந்தது. அடிப்பாளோ என்றுகூடக் கடுகு நினைத்தாள். ஆனால் புரொபசர் என்ன இருந்தாலும் புரொபசர்தான்.

"யார் கையால ஒரு சாண்?" என்று கேட்டாள்.

காலையில் எல்லாரையும் ஜன்னல் பக்கம் கூப்பிட்டது கடுகுதான். அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சட்டத்தில் நிறுத்தினாள். கடுகு காகிதத்தை நகர்த்தினாள். தண்ணீர்த் தொட்டி தலைகீழாக வந்து தொங்கியது. அம்மா குனிந்து பார்த்தார்.

"எவ்வளவு தெளிவா இருக்கு," என்றார் மெதுவாக. "அப்ப இது நல்ல கண்ணாடிதான்."

பிறகு கடுகு எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் விடவில்லை.

"அப்பா அறுக்கும்போது நீதானே குழாயைப் பிடிச்சிட்டு நின்ன?" என்று கேட்டார் அம்மா.

"ஆமாம்மா. நீ அக்காவைக் கண்ணுன்னு கூப்பிட்ட. எனக்குக் காது சுட்டுச்சு."

சிரிப்பதா திட்டுவதா என்று அம்மாவுக்கே தெரியவில்லை.

"இனிமே சுட்டா வந்து சொல்லு, தண்ணி ஊத்தறேன்," என்றார். "வாயை மூடிட்டு நிக்காதே. பாவம், இவ ராத்திரி சரியாவே சாப்பிடலை."

"எனக்குப் பசி இல்லை சித்தி," என்றாள் அக்கா.

"இப்பவும் இல்லையா?"

"இப்ப இருக்கு."

அப்பா குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீளமா அறுத்தது நல்லதாப் போச்சு. குட்டையா அறுத்திருந்தாத்தான் புதுக்குழாய் தேடணும். கண்ணாடியை ஒரு சாண் மேல ஏத்திப் பொருத்தினா வேலை முடிஞ்சுது. கடுகு, கையைக் கொண்டா."

கடுகு குழாயின் மேல் விரலை விரித்து வைத்தாள். அக்கா அந்த இடத்தில் கோடு போட்டாள். அப்பா துளை போட்டார். திருகுகளைப் போட மட்டும் குழாய்க்குள் நுழைய ஆள் வேண்டியிருந்தது. யார் நுழைந்தார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

அன்று பொழுது சாய்ந்ததும் மறுபடி மாடிக்குப் போனார்கள். நிலா முந்தின நாளைவிடக் கொஞ்சம் பெருத்திருந்தது. அக்கா குழாயை அதன் பக்கம் திருப்பினாள்.

"நீ பாரு," என்றாள் கடுகிடம். "நீதானே கண்டுபிடிச்ச."

"இல்லை, நீ பாரு. நீதான் எல்லாம் செஞ்ச."

"சொல்றேன்ல, நீ பாரு."

"முடியாது, நீதான் பார்க்கணும்."

இவர்கள் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அப்பா சத்தமில்லாமல் குனிந்தார். கண்ணை வைத்தார். லென்ஸை ஒரு நூலளவு நகர்த்தினார்.

"அடேங்கப்பா," என்றார். பிறகு அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் அம்மாதான் அவருடைய சட்டையைப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது.

கடுகின் முறை வந்தது. நிலா கண் நிறைய நின்றது. வெளிச்சமும் இருட்டும் சேரும் ஓரத்தில் குழி குழியாக இருந்தது. ஒவ்வொரு குழியிலும் பாதி வெயில், பாதி நிழல். எட்டித் தொட்டால் விரலில் ஒட்டும்போல இருந்தது. ஆனால் அது மெல்ல மெல்ல ஓரமாக நகர்ந்துகொண்டே போனது.

"அக்கா, நிலா ஓடுது."

"நிலா ஓடலை. பூமிதான் சுத்துது."

நேற்றாக இருந்தால் கடுகு வெடித்திருப்பாள்.

"சரி, அப்ப நீ குழாயைக் கொஞ்சம் தள்ளு," என்றாள்.

அக்கா ஒரு விரலால் தள்ளினாள். நிலா திரும்பவும் நடுவில் வந்து நின்றது.