மகிமா ஜெயித்த ஆட்டம்

ராயபுரம் கேரம் கிளப்பில் டீம் கேப்டன் ரெஜியை ஜெயிக்க ஆளே கிடையாது. இது ரெஜியே பரப்பிய செய்தி. "என்னை ஒரே ஒரு ஆட்டம் ஜெயி. ஞாயித்துக்கெழமை மேட்ச்ல உனுக்கு எடம்!" என்று பதினோரு வயது மகிமாவிடம் அவன் சொன்னதும் சும்மா சீண்டத்தான்.

மகிமா ஜெயித்துவிட்டாள்.

அன்று எல்லாரும் கோயில் தேர் பார்க்கப் போயிருந்தார்கள். கிளப்பில் ஈ, காக்கா இல்லை. பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்திருந்த அம்மாவின் போன் மட்டும் ஆட்டத்தைப் படம்பிடித்தது. போனில் இடமில்லை என்பதால், வீட்டுக்குப் போனதும் வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டாள்.

மறுநாள் கிளப் தலைவர் கலீலுல்லா பாயிடம் ரெஜி கூசாமல் புளுகினான்.

"யாரு, இவளா? என்னை ஜெயிச்சாளா? இன்னா பாய், காமெடி பண்ணிகினு!"

"வூட்டு கம்ப்யூட்டர்ல வீடியோ கீது," என்றாள் மகிமா. "சாயங்காலம் கொண்டாரேன், பாத்துக்கோ!"

டியூஷன் முடிந்து வந்தால், கம்ப்யூட்டரில் வீடியோவைக் காணோம். அதன் குப்பைத்தொட்டியும் காலி.

"அம்மா! இத்த யாரு தொட்டது?"

"நம்ம ரெஜிதான். பயோடேட்டா அடிக்கணும்னு வந்தான். நல்ல புள்ள, காபிகூட வேணான்னுட்டான்."

கோபத்தில் மகிமாவின் காது சுட்டது. ஆனால் அவள் மூலையில் உட்கார்ந்து அழுகிற ரகமில்லை. கம்ப்யூட்டரில் எதைச் சேமித்தாலும் இணையத்தில், கிளவுடில், தானாகவே ஒரு நகல் சேரும்படி அவள் செய்து வைத்திருந்தாள்.

திறந்தாள். அங்கேயும் இல்லை! இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடுமாம்.

அதற்காக விட்டுவிடுவதா? ஒவ்வொரு மூலையாகத் துழாவினாள். கிளவுடுக்கென்று தனியாக ஒரு குப்பைத்தொட்டி இருந்தது. அழித்தவை முப்பது நாள் அதில் கிடக்குமாம். உள்ளே பத்திரமாக இருந்தது அவளுடைய வீடியோ. ஒரே தட்டில் மீட்டுவிட்டாள்.

கிளப் வாசலில் அம்மாவின் போனில் கிளவுடைத் திறந்து அதை நீட்டியதும் ரெஜியின் முகம் வெளுத்தது. அவளை ஓரமாகக் கூப்பிட்டான்.

"மகி, உன்னை டீம்ல சேத்துக்கறேன். இத்த மட்டும் யாருக்கும் காட்டாத. மானம் பூடும்!"

"நீ இன்னா சேத்துக்கறது? நான் ஜெயிச்சு வர்றேன்," என்றாள் மகிமா. அவன் தலை தொங்கியதைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. "சரி, காட்டலை. பாய் கிட்ட நீயே சொல்லு. இப்பவே!"

ரெஜி பாயிடம் போனான்.

"பாய்... இவதான் ஜெயிச்சா. நான்தான் பொய் சொல்லிட்டேன்."

கிளப்பே கைதட்டியது. பாய் டீம் பட்டியலில் மகிமாவின் பெயரை எழுதினார்.

ரெஜிக்கு மட்டும் ஒன்று புரியவில்லை. "நான்தான் சுத்தமா அழிச்சிட்டேனே. எப்டி வந்துச்சு?"

"ரெட்டு காயைப் போட்டா மட்டும் போதுமாண்ணா? பின்னாலயே ஃபாலோ காய் போட்டாத்தானே அது நம்புளுது? நான் அன்னிக்கே கிளவுட்ல ஃபாலோ போட்டுட்டேன்."

ஸ்ட்ரைக்கரை எடுத்துக்கொண்டு, ரெஜி நின்றிருந்த பக்கமாக அவள் போர்டை நெருங்கினாள்.

"நவுருண்ணா. அது உன் எடமில்ல, என் எடம்."